கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள்

சென்னையில் பெரும்பாலும் உயர்பாதையில் ஓடும் மின்சார ரயிலான பறக்கும் ரயில், 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை ஸ்டேஷனுக்கு வராது, சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பிவிடும் என்று அறிவித்தார்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடும் வேலை. ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் வண்டி மறுபடி கடற்கரையைத் தொட்டது.

எனக்கு வீடு மீஞ்சூர், வேலை தரமணி. கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலில் கடற்கரைக்கு வந்து, அங்கேயே பிளாட்பாரம் மாறிப் பறக்கும் ரயில் பிடித்தால் தரமணியில் இறங்கலாம். ஒரே சீசன் டிக்கெட், தெருவில் கால் வைக்கவே வேண்டாம். அந்த வழியில் நடுவே நாலு கிலோமீட்டர் சொச்சம் திடீரென்று இல்லாமல் போனது.

மெட்ரோ இருக்கிறதே என்று பலரும் கேட்டார்கள். இருக்கிறதுதான். விம்கோ நகரில் மாறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் சிந்தாதிரிப்பேட்டை பக்கம். ஆனால் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவனுக்கு அது போகவர தினமும் தனிச் செலவு. பஸ் என்றால், ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் ராஜாஜி சாலையில் ஒரே பஸ்ஸுக்கு நிற்கும். ஆட்டோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூசி படிந்து கிடந்த பழைய சைக்கிளுக்கு அப்படித்தான் வேலை வந்தது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டுவது சின்ன வேலை. சைக்கிள் பகலில் எங்கே நிற்கும், ராத்திரி எங்கே தூங்கும் என்பதுதான் பெரிய வேலை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஹெல்மெட், கியர், டயர் அகலம் என்று எதையெதையோ கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஸ்டாண்டைப் பற்றித்தான்.

மின்சார ரயிலில் நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்ற முடியாது, ஏற்றினால் கூட இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். மடக்கு சைக்கிள் வாங்கலாம், விலையைப் பார்த்தால் அது இன்னொரு கதை. அதனால் சைக்கிள் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். ராத்திரி கடற்கரை ஸ்டேஷன் ஸ்டாண்டில். காலையில் நான் ரயிலில் வந்து அதை எடுத்து சேப்பாக்கம் போவேன், பகல் முழுக்க அங்கே நிற்கும், மாலையில் திரும்பக் கடற்கரை. எல்லோருடைய வண்டியும் காலையில் ஸ்டாண்டுக்கு வந்து மாலையில் வெளியே போகும், என்னுடையது நேர்மாறு. ஸ்டாண்டுக்காரருக்கு இதைப் புரியவைக்கவே கொஞ்ச நாள் ஆனது. “காலையில எடுத்துட்டுப் போறீங்க, சாயங்காலம் கொண்டாந்து வுடுறீங்க. நீங்க இங்கயே குடியா சார்?” என்றார்.

ராத்திரி நிறுத்துவதற்குப் பல இடங்களில் கட்டணம் தனி. தினசரி டோக்கன் போட்டுக்கொண்டிருந்தால் சில்லறையும் போகும், நேரமும் போகும். மாதப் பாஸ் கிடைக்குமா, அது ராத்திரிக்கும் சேர்த்தா என்று இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாஸில் “இரவு” என்று எழுதி வாங்குவது நல்லது. ஷிஃப்ட் மாறி வேறு ஆள் உட்கார்ந்திருக்கும் நாளில் அந்த ஒரு சொல் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். வேறொரு ஸ்டேஷனில் விசாரித்தபோது, பைக்குக்கே இடமில்லை, சைக்கிளெல்லாம் எடுப்பதில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள். சைக்கிளுக்கு வாங்குகிற காசு குறைவு, அடைக்கிற இடம் ஏறக்குறைய அதே என்பது அவர்கள் கணக்கு. வாதாடிப் பயனில்லை.

ஸ்டாண்டில் எங்கே நிறுத்துகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நடுவில் விட்டால் மாலைக்குள் இரண்டு வரிசை பைக்குகளுக்குப் பின்னால் புதைந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி நம்முடையதை வெளியே எடுப்பதற்குள் ரயில் போயிருக்கும். சீட்டு கிழிப்பவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரோரம்தான் சரி. அவர் கண் படும் இடத்தில் இருந்தால் காற்றும் இறங்காது, பெல்லும் காணாமல் போகாது. பின் சக்கரத்துப் பூட்டோடு, முன் சக்கரத்தைத் தூணோடு சேர்த்து ஒரு சங்கிலி. சைக்கிள் எவ்வளவு பழசாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. என்னுடையது கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். பெயிண்ட் உரிந்த இடத்தை நான் தொடவேயில்லை.

பழசாகத் தெரியலாம், ஆனால் பழுதாக இருக்கக் கூடாது. கடற்கரையோர ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஸ்டேஷன் பக்கத்தில் மரத்தடியில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர் என் செயினை விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் செங்காவி. “உப்புக் காத்து தம்பி. வாரத்துக்கு ஒருக்கா எண்ணெய் வுடலன்னா மாசத்துல செவந்து போய்டும்.” பிறகு பின்பிரேக் கட்டையைக் காட்டினார். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, இரும்புக் கூடு ரிம்மில் உரசக் காத்திருந்தது. கட்டையைக் கழற்றிக் கொஞ்சம் சாய்த்து மாட்டினார், இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடுகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஐந்து நிமிட வேலை. மழை நாளில் ரிம் நனைந்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடம்தான் பஸ்ஸுக்குப் பின்னால் நம்மை நிறுத்தும். அப்போதிருந்து மாதத்துக்கு ஒருமுறை பிரேக்கை அவரிடம் காட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

சரி, பாதைக்கு வருகிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் சிந்தாதிரிப்பேட்டைக்குத்தான் போகத் தோன்றும். வண்டி புறப்படும் இடம், உட்கார இடம் நிச்சயம். ஆனால் கடற்கரை ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சைக்கிளில் அங்கே போக வேண்டுமென்றால் எப்படியும் அண்ணா சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். போர் நினைவுச்சின்னத்தில் திரும்பிக் கொடிமரச் சாலை வழியாகத் தீவுத்திடலைச் சுற்றி வந்தாலும், நேப்பியர் பாலம் தாண்டி சிவானந்தா சாலையில் வந்தாலும், கடைசியில் பெரியார் சிலைப் பக்கம் அந்தச் சாலை குறுக்கே கிடக்கும். காலை ஒன்பது மணி அண்ணா சாலையைச் சைக்கிளில் கடக்க எனக்கு மனசில்லை. அடுத்த ஸ்டேஷன் சேப்பாக்கம். கடற்கரையிலிருந்து ராஜாஜி சாலை, நேப்பியர் பாலம், காமராஜர் சாலை என்று தெற்கே நேராகப் போய், உழைப்பாளர் சிலையில் வாலாஜா சாலைக்குத் திரும்பினால் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியே ஸ்டேஷன். தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அண்ணா சாலையே வராது. ஒரு ஸ்டேஷன் தள்ளி ஏறுவதால் உட்கார இடம் போய்விடுமோ என்று பயந்தேன். காலையில் தெற்கே போகும் வண்டியில் பெரும்பாலும் கிடைத்தது.

சைக்கிளுக்குப் பாதை பார்க்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். எத்தனை இடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். இடது ஓரமாகவே போய் இடது ஓரமாகவே முடிகிற பாதை ஒரு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

காலையில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தெற்கே போகும் பக்கம்தான், அதனால் எதையும் கடக்க வேண்டாம். முதல் தொல்லை பர்மா பஜார் தாண்டும்வரை. சரக்கு இறக்கும் தள்ளுவண்டிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், ஆள் ஏற்ற எந்த நொடியும் நின்றுவிடும் ஆட்டோக்கள். இங்கே வேகமே கூடாது. ஆட்டோவின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. ஓட்டுநரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கப் பழகினேன். இடது பக்க நடைபாதையை நோக்கித் தலை திரும்பினால் அடுத்த நொடி வண்டியும் திரும்பும். கையோ விளக்கோ காட்டுவார் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

மாநகரப் பேருந்து இதற்கு நேர் எதிர். அதை முன்கூட்டியே கணிக்கலாம். நிறுத்தம் எங்கே என்று நமக்குத் தெரியும். நிறுத்தத்துக்கு முன்னால் பஸ் நம்மைத் தாண்டினால் நிச்சயம் இடதுபுறம் ஒடிக்கும். அப்போது பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையவே கூடாது. இடைவெளி தாராளமாகத் தெரியும், ஆனால் பஸ் நிற்பதற்கு முன்பே படியிலிருந்து இரண்டு பேர் குதிப்பார்கள். பின்னால் நின்று, அது கிளம்பட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழி. அப்புறம் பார்த்தால் அடுத்த சிக்னலில் அதே பஸ் நமக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து ரிசர்வ் வங்கி சுரங்கப்பாதை. இறக்கத்தில் வேகம் தானாக வரும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஓரமாக ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில்தான் மணலும் வடிகால் மூடியும். கம்பி வாக்கில் இடைவெளி விட்ட மூடி என்றால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும். அதனால் சுரங்கத்துக்குள் நான் ஓரத்தை விட்டு நன்றாகவே உள்ளே வந்து ஓட்டுவேன். என்னை உரசித் தாண்டும் இடம் இல்லை என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிந்தால் அவர் பொறுமையாக வருவார். பாதி இடம் கொடுத்தால்தான் ஆபத்து. ஹாரன் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே மிதிக்க வேண்டியதுதான். மழை பெய்து அங்கே தண்ணீர் நின்றால், எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் ஆசை வேண்டாம். அன்றைக்கு பஸ்.

கோட்டை தாண்டிப் போர் நினைவுச்சின்னம் வரும்போது சாலை விரிகிறது, வேகமும் கூடுகிறது. நேப்பியர் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடிக்கும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று கூவத்தின் மணத்தையும் சேர்த்தே கொண்டுவரும். வாயால் மூச்சு விட்டால் சமாளிக்கலாம். அந்த நாள்களில் ஹேண்டில்பாரில் பை மாட்டாதீர்கள். முதுகிலும் வேண்டாம், சட்டை நனைந்துவிடும். கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டுவதுதான் நல்லது. மாற்றுச் சட்டை ஒன்றை ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டேன். காலையில் டி-சர்ட், ரயிலில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தால் தரமணி வருவதற்குள் காய்ந்துவிடும்.

இந்தப் பகுதிச் சாலைகளைப் பற்றி ஒரு சிரிப்பான விஷயம். தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடத்த கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் சேர்த்து மூன்றரை கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. பந்தயக் காருக்காக வழவழவென்று போட்ட தாரில் கியர் இல்லாத ஹெர்குலிஸ் போகும் சுகமே தனி. சைக்கிளுக்காக யாராவது இப்படி ஒரு சாலை போடுவார்களா என்றால், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நடைபாதைகள் பல இடங்களில் அகலமாகின. நான் போகும் வழியில் சைக்கிளுக்கென்று ஒரு கோடு கூட இல்லை.

உழைப்பாளர் சிலை சிக்னலில் மட்டும் வலதுபுறம் திரும்ப வேண்டும். நான் அங்கே ஓட்டித் திரும்புவதில்லை. இடது ஓரத்திலேயே போய், மெரினா பக்கம் இறங்கி, நடப்பவர்களுக்கு வழி விடும்போது அவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடப்பேன். ஒரு நிமிடம் கூடுதல் ஆகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் பாதசாரிதான்; அந்த வசதி வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுகிறவர்கள்தான் சாலை நடுவில் கையைக் காட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். மாலையிலும் அப்படியே. வடக்கே போகும்போது கடற்கரை ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் வரும். கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, வீட்டுக்கு ஓடும் கூட்டத்தோடு கலந்து தள்ளிக்கொண்டு போனால் கை காட்டவே வேண்டாம், கூட்டமே சாலையை நிறுத்திவிடும்.

மாலையில் ஒளிரும் சிவப்பு விளக்கு ஒன்று பின்னால் அவசியம். தெருவிளக்கு பளிச்சென்று இருக்கிறதே என்று நினைக்கலாம். பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கு, அத்தனை வெளிச்சத்தில் கறுப்புச் சட்டையும் கறுப்பு சைக்கிளும் தெரியவே தெரியாது. கழற்றிப் பையில் போடக்கூடிய விளக்காக வாங்குங்கள். ஸ்டாண்டில் விட்டால் மறுநாள் இருக்காது.

இந்தப் பாதை அடைபடும் நாள்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்குக் காமராஜர் சாலையை மூடுவார்கள், ஆகஸ்டில் சுதந்திர தின ஒத்திகைக்குக் கோட்டைப் பக்கம் ராஜாஜி சாலையை. போக்குவரத்துக் காவல்துறை முன்னதாகவே நாளிதழ்களில் தெரிவித்துவிடும். சைக்கிள்தானே, விட்டுவிடுவார்கள் என்று போய் நின்றால் விடமாட்டார்கள். குடியரசு தின ஒத்திகை நாளில் மட்டும் போர் நினைவுச்சின்னம் வரைக்கும் போகாமல் முத்துசாமி சாலை, வாலாஜா முனை என்று சுற்றி, அண்ணா சாலையைத் தள்ளிக்கொண்டே கடந்து சிந்தாதிரிப்பேட்டையில் ஏறுவேன்.

ரயிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தடத்தில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் வண்டிகள் அதிகம், கடற்கரையிலிருந்து கிளம்புபவை குறைவு. மாலையில் கடற்கரை வண்டி போய்விட்டால், சைக்கிளிலேயே சென்ட்ரலுக்குப் போய்விடலாமா என்று கை பரபரக்கும். போனால் சைக்கிள் சென்ட்ரலில் தூங்கும், மறுநாள் காலை நான் கடற்கரையில் வெறுங்கையோடு நிற்பேன். அதனால் எவ்வளவு அவசரமானாலும் சைக்கிள் கடற்கரை ஸ்டாண்டில்தான். அதை விட்டுவிட்டு பஸ் பிடித்து சென்ட்ரல் போவேன். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே சைக்கிள் வைத்துக்கொள்ள நினைக்கிற யாருக்கும் இந்தச் சிக்கல் வரும். எந்த ஸ்டேஷனில் ராத்திரி நிற்க வேண்டும் என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாமல், கடைசி வண்டி எங்கிருந்து கிளம்புகிறது, அதற்கு முந்தைய வண்டிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று கால அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். எனக்கு மீஞ்சூரிலிருந்து காலையில் கிடைக்கும் கடற்கரை வண்டி ஆபீஸ் நேரத்துக்கு அச்சாகப் பொருந்தியதால்தான் கடற்கரை. அது இல்லையென்றால் சென்ட்ரலையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

கடற்கரையில் இறங்கியதிலிருந்து சேப்பாக்கம் பிளாட்பாரம் ஏறும்வரை, ஸ்டாண்டில் ஆகும் நேரத்தையும் சேர்த்து அரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்வேன். ஓட்டுவது அதில் இருபது நிமிடம்தான். மிச்சம் பூட்டு திறக்க, காற்று பார்க்க, பக்கத்து பைக்கை நகர்த்த, மாடி ஏற. சேப்பாக்கம் ஸ்டேஷன் உயரத்தில் இருப்பதால் படிக்கட்டையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். வியர்வை அடங்காமல் ஏறினால் அதுதான் கடைசிக் கஷ்டம்.

ரயில் திரும்ப வந்த பிறகும் சைக்கிளை விற்கவில்லை. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அது ஸ்டாண்டிலேயே சீட்டில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நிற்கும், நான் பிளாட்பாரம் மாறி ரயிலில் போவேன். தை பிறந்ததும் மறுபடி ஆரம்பம். காலையில் ரயில், மாலையில் கடல் காற்றில் சைக்கிள் என்று பாதிப்பாதியாக வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அப்படிச் செய்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிள் சேப்பாக்கத்தில் இரவு தங்க வேண்டும், அங்கே ராத்திரிக்குப் பொறுப்பேற்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே எடுத்தால் இரண்டு வேளையும் சைக்கிள், இல்லையென்றால் இரண்டு வேளையும் ரயில். பங்குனி, சித்திரையில் மட்டும் கிளம்புவதற்கு முன் அன்றைக்குச் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் வாலாஜா சாலையில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது.